மிஞ்சிய குடலின் உழைப்பு



மயிலாப்பூர் சபைகளுக்கு வருகிறவர்கள் கேட்டுப் பழகியவர்கள். ஒரு விஷயத்தை அவசரப்படாமல் விரித்துச் சொல்ல இடம் கொடுப்பவர்கள். அந்தத் தைரியத்தில்தான் மேடைகளில் அதிகம் பேசப்படாத ஓர் உறுப்பை இன்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். அது சிறுகுடல். அதிலும் பாதியையோ முக்கால் பாகத்தையோ அறுவைச் சிகிச்சையில் எடுத்துவிட்ட பிறகு வயிற்றுக்குள் மிஞ்சியிருக்கும் சிறுகுடல்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மிஞ்சிய குடல் சும்மா கிடப்பதில்லை. வெட்டுப்பட்ட ஓரிரு நாளிலேயே அதன் உட்சுவர் செல்கள் வேகமாகப் பெருகத் தொடங்குகின்றன. போன குடல் செய்துவந்த வேலையில் தன்னால் முடிந்த பங்கை இருக்கிற குடல் ஏற்றுக்கொள்கிறது. இதை மருத்துவத்தில் குடலின் தகவமைப்பு என்கிறோம். ஆனால் இது தானாக முழுமை பெறுவதில்லை. குடலுக்குள் உணவு போக வேண்டும். சரியான உணவு, சரியான அளவில், மாதக்கணக்கில் போக வேண்டும். உணவுதான் இங்கே மருந்து. இதைச் செல்களின் அளவில் விளக்கிக் காட்டுவதுதான் இன்றைய பேச்சின் நோக்கம்.

யாருக்கு இப்படிக் குடலை வெட்ட நேர்கிறது? குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியிலோ, அங்கிருந்து திருப்பிக் கொண்டுவரும் சிரையிலோ ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டால், சில மணி நேரத்தில் குடல் கறுத்துவிடும். குடல் முறுக்கிக்கொண்டாலும் அதே கதிதான். குடலிறக்கம் சிக்கிக்கொள்வது, சாலை விபத்தில் வயிற்றில் அடிபடுவது, கிரோன் நோய், நம் நாட்டில் இன்னும் ஓயாத குடல் காசநோய் என்று காரணங்கள் பல. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்குக் குடல் திசு அழுகும் நோய் ஒன்று உண்டு. அழுகிய பகுதியை எடுக்காவிட்டால் உயிர் தங்காது.

இந்த நகரத்தில் இதைப் பற்றிப் பேசும்போது பேராசிரியர் என். ரங்கபாஷ்யம் அவர்களை நினைக்க வேண்டும். இரைப்பை, குடல் அறுவைச் சிகிச்சையைத் தனித்துறையாகச் சென்னை மருத்துவக் கல்லூரியில் வளர்த்தெடுத்தவர் அவர். 2002-ல் பத்மபூஷண் பெற்றார், 2013-ல் மறைந்தார். குடல் அறுவை என்பது வெட்டித் தைப்பதோடு முடிவதில்லை, அதற்கென்று தனிப் படிப்பும் தனிக் கவனமும் வேண்டும் என்ற எண்ணம் இங்கே வேரூன்றியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

இனி குடலுக்குள் போவோம். வளர்ந்தவர்களின் சிறுகுடல் சராசரியாக 6 மீட்டர் நீளம். ஆளுக்கு ஆள் இது நிறைய மாறும். இரைப்பையை அடுத்த சிறு வளைவு டியோடினம். அதற்குப் பிறகு வருவதில் மேல் பகுதியை ஜெஜுனம் என்றும், கீழ்ப் பகுதியை இலியம் என்றும் சொல்வோம். உட்சுவரில் மடிப்புகள், மடிப்புகளின் மேல் ஒரு மில்லிமீட்டரும் எட்டாத குடலுறிஞ்சிகள், ஒவ்வோர் உறிஞ்சியையும் மூடியிருக்கும் செல்களின் மேல் இன்னும் நுண்ணிய முடிகள் என்று பரப்பு பல மடங்கு பெருகுகிறது. 2014-ல் சுவீடனைச் சேர்ந்த எலாண்டர், ஃபெண்டிரிக்ஸ் இருவரும் கவனமாக அளந்து, சிறுகுடலின் மொத்த உட்பரப்பு சுமார் 30 சதுர மீட்டர் என்று கணக்கிட்டார்கள். ஏறத்தாழ 320 சதுர அடி. நாம் சாப்பிடுவதெல்லாம் ரத்தத்தில் சேரும் வாசல் அந்தப் பரப்புதான்.

குடலிலிருந்து எடுத்த சிறு திசுவைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் இளஞ்சிவப்பும் ஊதாவுமாக ஒரு வரிசை தெரியும். மேலே விரல் விரலாக உறிஞ்சிகள். அவற்றின் நடுநடுவே வெளுத்த துளைகள்போல் தெரிபவை சளி சுரக்கும் செல்கள். உறிஞ்சிகளின் காலடியில் சுவருக்குள் இறங்கும் சிறு குழிகள். 1745-ல் இவற்றை விவரித்த ஜெர்மானியர் லீபர்கூனின் பெயரால் லீபர்கூன் குழிகள் என்கிறோம். குழியின் அடியில் கண்ணைக் குத்தும் சிவப்புப் பொடிகள் நிறைந்த செல்கள் தெரியும். அவை பானெத் செல்கள்; கிருமிகளைத் தடுக்கும் பொருள்களைச் சுரப்பவை. அந்தச் சிவப்புச் செல்களுக்கு இடையே, நெருக்கடியில் ஒதுங்கி நிற்பதுபோல் ஒல்லியான சில செல்கள் இருக்கும். பழகாத கண்ணுக்கு அவை தட்டுப்படா. இன்றைய பேச்சின் நாயகர்கள் அவைதான். அவை குடலின் ஸ்டெம் செல்கள்.

குடலின் உட்சுவர் நிலையாக இருக்கும் சுவர் அல்ல. குழியின் அடியில் பிறக்கும் செல் மேலே மேலே தள்ளப்படுகிறது. போகும் வழியிலேயே முதிர்ந்து, உறிஞ்சும் தொழிலைக் கற்று, உறிஞ்சியின் நுனியை அடைந்ததும் உதிர்ந்துவிடுகிறது. இந்தப் பயணம் மூன்று முதல் ஐந்து நாள். அதாவது போன வாரம் இருந்த குடல் உறை இந்த வாரம் இல்லை. 1948-ல் மான்ட்ரியாலில் லெப்லோன், ஸ்டீவன்ஸ் இருவரும் எலிகளில் இதைக் காட்டினார்கள். 1974-ல் செங், லெப்லோன் இருவரும் அந்த ஒல்லியான செல்களே மற்றவற்றின் தாய்ச்செல்கள் என்று வாதிட்டார்கள். உறுதியான அடையாளம் கிடைக்க 2007 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நெதர்லாந்தில் ஹான்ஸ் கிளெவர்ஸின் ஆய்வகத்தில் நிக் பார்க்கர், எல்ஜிஆர்5 என்ற புரதத்தை அடையாளமாக வைத்து அவற்றைக் கண்டுபிடித்தார். இரண்டே ஆண்டில் அதே ஆய்வகத்தில் தோஷிரோ சாட்டோ, அப்படிப்பட்ட ஒரே ஒரு செல்லை வளர்த்து, குழியும் உறிஞ்சிப் பகுதியும் கொண்ட குட்டிக் குடல் அமைப்பை உருவாக்கிக் காட்டினார்.

வீட்டில் அன்றாடம் தயிரைச் சாப்பிட்டாலும் ஒரு கரண்டி உறைக்கு எடுத்துவைப்பார்கள். நாளைய தயிர் அதிலிருந்துதான். குடலின் ஒவ்வொரு குழியிலும் ஒதுக்கிவைத்த அந்த ஒரு கரண்டிதான் ஸ்டெம் செல்கள். உறை இருந்தால் மட்டும் போதாது, பால் ஊற்ற வேண்டும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பால் எது என்பதற்குச் சற்று நேரத்தில் வருகிறேன்.

இவ்வளவு வேகமாகப் பிரியும் செல்கள் என்பதால் அவை எளிதில் அடிபடவும் செய்யும். கதிர்வீச்சுச் சிகிச்சையில் இதைப் பார்க்கலாம். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் தொடங்கியது; 1957-ல் அங்கே கோபால்ட்-60 கதிர்வீச்சுக் கருவி வந்தது. கருப்பை வாய்ப் புற்றுக்கு அடிவயிற்றில் கதிர்வீச்சு எடுத்துக்கொண்ட பெண்களிடம் கேட்டால், நடுவில் சில வாரம் வயிற்றுப்போக்கு இருந்தது என்பார்கள். பிரியும் செல்லைத் தாக்குவதுதான் கதிர்வீச்சின் வேலை. புற்றுச் செல்லோடு சேர்த்துக் குடல் குழியின் செல்களும் அடிவாங்குகின்றன. சிகிச்சை முடிந்ததும் பெரும்பாலோருக்குக் குடல் தேறிவிடுகிறது. தப்பிய ஸ்டெம் செல்கள் குழிகளை மறுபடி நிரப்புகின்றன. அழிவிலிருந்து எழும் இந்தத் திறன்தான், குடலை வெட்டிய பிறகும் நமக்குக் கைகொடுக்கிறது.

குடலை வெட்டியபின் இரண்டு முனைகளையும் இணைத்துத் தைக்கிறோம். நூல் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது? உட்சுவர் மெல்லிய சவ்வு. அதில் தையல் நிற்காது. அதற்கு அடுத்து, சளிப்படலத்தின் கீழே இருக்கும் இழைப் படலம்தான் தையலைத் தாங்குகிறது என்று 1887-ல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட் நாய்களில் காட்டினார். அந்தப் படலத்தின் வலுவுக்குக் காரணம் கொலாஜன் என்ற புரதம். கொலாஜன் மூன்று இழைகள் முறுக்கிக்கொண்ட வடிவம் என்று உலகுக்குச் சொன்னது இங்கிருந்துதான். அடையாறை ஒட்டியுள்ள கிண்டி வளாகத்தில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையில், ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-ல் அதை வெளியிட்டார்கள். பக்கத்திலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம். தோலும் பெரும்பாலும் கொலாஜன்தான். உலகில் எங்கே குடலைத் தைத்தாலும் அந்த நூல் பிடித்து நிற்பது இந்த மூவிழைப் புரதத்தைத்தான். தைத்த இடம் ஆறும்போது புதிய கொலாஜனைச் செல்கள் நெய்கின்றன.

இணைப்பு ஆறிக்கொண்டிருக்கும்போதே, அதிலிருந்து தள்ளியிருக்கும் குடல் முழுவதும் வேறொரு வேலை நடக்கிறது. 1912-லேயே அமெரிக்க அறுவை மருத்துவர் ஜோசப் மார்ஷல் ஃபிளின்ட், நாய்களில் குடலின் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, மிஞ்சிய பகுதியில் உறிஞ்சிகள் பெரிதாவதை விவரித்திருந்தார். பிறகு எலிகளிலும் சுண்டெலிகளிலும் நடந்த ஏராளமான சோதனைகள் அதன் படிகளைக் காட்டின. பாதிக் குடலை எடுத்த ஒன்றிரண்டு நாளில் குழிகளில் செல் பிரிதல் கூடுகிறது. குழிகள் ஆழமாகின்றன. சில குழிகள் அடியிலிருந்து பிளந்து இரண்டாகின்றன. ஒரு வாரத்துக்குள் உறிஞ்சிகள் உயர்ந்துவிடுகின்றன. ஒவ்வொரு செல்லும் பெருத்துப் போவதால் வரும் உயரம் அல்ல இது; ஓர் உறிஞ்சியை மூடும் செல்களின் எண்ணிக்கையே கூடுகிறது. உள்ளே புதிய நுண்ரத்தக் குழாய்கள் கிளைக்கின்றன. குடலின் விட்டம் விரிகிறது. தசைச் சுவர் தடிக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். செல் பிறப்பு கூடும்போது செல் இறப்பும் கூடவே கூடுகிறது. பழுதான செல்கள் தம்மைத் தாமே முடித்துக்கொள்கின்றன. பிறப்பு இறப்பை மிஞ்சும் சிறிய இடைவெளியில்தான் குடல் வளர்கிறது. இறப்பு நின்றுபோய்ப் பிறப்பு மட்டும் நடந்தால் அது கட்டியாகிவிடும். வளர்ச்சிக்குள்ளேயே கட்டுப்பாடும் இருப்பதுதான் இந்தத் தகவமைப்பின் சிறப்பு.

எந்தப் பகுதி மிஞ்சுகிறது என்பதும் முக்கியம். ஜெஜுனத்தை எடுத்துவிட்டால் இலியம் அதன் வேலையைக் கற்றுக்கொள்ளும். மாவுச்சத்தையும் புரதத்தையும் உறிஞ்சும் பொறுப்பை ஏற்கும். அதன் உறிஞ்சிகள் நன்றாக வளரும். ஆனால் இலியம் போய்விட்டால், அதன் கடைசிப் பகுதி மட்டுமே செய்யும் இரண்டு வேலைகளை ஜெஜுனம் கற்பதில்லை. ஒன்று வைட்டமின் பி12-ஐ உள்வாங்குவது. இன்னொன்று பித்த உப்புகளைத் திருப்பி எடுப்பது. அதனால்தான் இலியத்தின் கடைசிப் பகுதியை இழந்தவர்களுக்கு பி12 ஊசி வாழ்நாள் முழுவதும் தேவைப்படுகிறது.

வளரச் சொல்லி ஸ்டெம் செல்லுக்கு யார் சொல்கிறார்கள்? இதற்கு விடை மூன்று பக்கத்திலிருந்து வந்தது.

முதலாவது, உணவு. 1960-களின் நடுவில் ஃபிலடெல்ஃபியாவில் இளம் மருத்துவர் ஸ்டான்லி டட்ரிக் நாய்க்குட்டிகளைச் சிரை வழி ஊட்டச்சத்தால் மட்டுமே வளர்த்துக் காட்டினார். வாய் வழியே ஒரு கவளமும் போகாமல் அவை வளர்ந்தன. மருத்துவ வரலாற்றில் இது பெரிய திருப்பம். குடலே இல்லாமல் போனவர்களையும் பிழைக்கவைக்கலாம் என்று ஆயிற்று. ஆனால் சிரை வழி உணவிலேயே இருந்தால் குடலின் உறிஞ்சிகள் சிறுத்துப்போவதைப் பின்னால் வந்த விலங்குச் சோதனைகள் காட்டின. குடலை வெட்டிய பிறகும் வாய் வழியே எதுவும் கொடுக்காத விலங்குகளில் தகவமைப்பு மந்தமாகவே நடந்தது. உடலுக்குச் சத்து கிடைத்தாலும் குடலுக்கு உள்ளிருந்து வேலை வராவிட்டால் அது வளர்வதில்லை. வேலையின் கனமும் பொருட்டாகிறது. உடைத்துத் தரப்பட்ட எளிய சத்துகளைவிட, குடலே உடைத்து உறிஞ்ச வேண்டிய முழுப் புரதமும் நீளச் சங்கிலிக் கொழுப்பும் விலங்குகளில் செல் வளர்ச்சியைக் கூடுதலாகத் தூண்டின. தயிருக்கு ஊற்ற வேண்டிய பால் என்றேனே, அது இதுதான்.

இரண்டாவது, பித்தநீரும் கணையநீரும். உணவு வரும்போது இவை சுரக்கின்றன. இவையும் உட்சுவரை வளர்க்கின்றன. கீழே இருக்கும் இலியத் துண்டை மேலே ஜெஜுனம் இருக்கும் இடத்துக்கு மாற்றித் தைத்த எலிகளில், அந்தத் துண்டின் உறிஞ்சிகள் உயர்ந்ததை லெப்லோனின் குழு காட்டியது.

மூன்றாவது, ஹார்மோன். 1971-ல் லண்டன் மருத்துவர்கள் ஒரு பெண் நோயாளியைப் பற்றி எழுதினார்கள். அவருடைய சிறுநீரகத்தில் ஒரு கட்டி; குடலில் சுரக்க வேண்டிய ஒரு ஹார்மோன் வகையை அது சுரந்துகொண்டிருந்தது. அவருடைய குடலுறிஞ்சிகள் வழக்கத்துக்கு மாறாகப் பெருத்திருந்தன. கட்டியை எடுத்ததும் குடல் பழைய நிலைக்குத் திரும்பியது. குடலை வளர்க்கும் ஏதோ ஒரு பொருள் ரத்தத்தில் ஓடுகிறது என்பதற்கு அது முதல் தடயம். கால் நூற்றாண்டு கழித்து, 1996-ல், டொரன்டோவில் டேனியல் டிரக்கர் அந்தப் பொருளை அடையாளம் கண்டார். ஜிஎல்பி-2. இன்று தி.நகர், மயிலாப்பூர் மருந்துக்கடைகளில் சர்க்கரை நோய்க்கும் உடல் எடைக்கும் பேசப்படும் ஊசிகள் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைப் போலச் செய்யப்பட்டவை. ஜிஎல்பி-1, ஜிஎல்பி-2 இரண்டும் ஒரே பெரிய புரதத்திலிருந்து நறுக்கி எடுக்கப்படும் உடன்பிறப்புகள்.

ஜிஎல்பி-2-ஐச் சுரக்கும் எல் செல்கள் இலியத்திலும் பெருங்குடலிலும் அதிகம். செரிக்காத உணவு அங்கே வந்து சேர்ந்ததும் அவை சுரக்கின்றன. அதாவது, மேலே வேலை முடியவில்லை என்ற செய்தி கீழிருந்து போகிறது. அந்தச் செய்தி நேரடியாக ஸ்டெம் செல்லை எட்டுவதில்லை. உட்சுவருக்கு அடியில் இருக்கும் இழைச் செல்களும் நரம்புச் செல்களும் அதைக் கேட்டு, தங்கள் வளர்ச்சிப் பொருள்களை வெளிவிட்டு, குழியில் இருக்கும் செல்களைப் பிரியத் தூண்டுகின்றன. இலியமும் பெருங்குடலும் சேர்ந்து போனவர்களுக்கு மீட்சி ஏன் கடினம் என்பது இதிலிருந்து புரியும். உறிஞ்சும் பரப்போடு சேர்த்துச் செய்தி அனுப்பும் செல்களையும் அவர்கள் இழந்திருக்கிறார்கள். ஜிஎல்பி-2 ரத்தத்தில் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். அதன் ஓர் அமினோ அமிலத்தை மட்டும் மாற்றி நீடித்திருக்கச் செய்த டெடுகுளூடைட் என்ற மருந்துக்கு 2012-ல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி கிடைத்தது. அமெரிக்காவில் அதன் ஆண்டுச் செலவு 2 லட்சம் டாலருக்கும் மேல். வளரச் சொல்லும் மருந்து என்பதால், குடலில் புற்றோ கட்டியோ இல்லை என்று பார்த்த பிறகே கொடுக்க வேண்டும்.

இப்போது வேலூருக்கு வருவோம். குடல் தன் உள்ளே வருவதற்கேற்ப உருமாறும் என்பதற்கு உலகம் எடுத்துக்காட்டும் சான்றுகளில் சில தமிழ்நாட்டில் கிடைத்தவை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கரும் வி.ஐ. மாதனும் ஸ்புரூ என்ற உறிஞ்சாமை நோயை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். வயிற்றுப்போக்கே இல்லாத, நலமாக நடமாடும் தென்னிந்தியர்களின் குடலில்கூட உறிஞ்சிகள் ஐரோப்பியர்களுடையதைப் போல ஒல்லியான விரல்களாக இல்லை. அகன்று, குட்டையாகி, இலைபோலவும் வரப்புபோலவும் இருந்தன. இது நம் இனத்துக்குப் பிறவியிலேயே உள்ளதா? 1969-ல் அந்தக் குழு வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை சொன்னது. கருவிலும் பிறந்த குழந்தைகளிலும் பார்த்தபோது உறிஞ்சிகள் விரல் விரலாகவே இருந்தன. பிறந்த பிறகு நாம் குடிக்கும் தண்ணீர், உடன் வாழும் கிருமிகள், திரும்பத் திரும்ப வரும் தொற்று ஆகியவற்றுக்கு நடுவில்தான் அந்த உருவம் மாறுகிறது. குடலை வெட்டிய பின் நடக்கும் தகவமைப்பும் இதே திறனிலிருந்துதான் வருகிறது. நம் ஊரில் குடல் இழந்தவருக்குச் சுத்தமான தண்ணீர் ஏன் மருந்துக்குச் சமம் என்பதும் இதில் அடங்கியிருக்கிறது.

வேலூரின் இன்னொரு கொடை பெருங்குடலைப் பற்றியது. 2000-ல் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் அவருடைய குழுவினரும் காலரா நோயாளிகளுக்கு, வாய்வழி உப்புக் கரைசலோடு சிறுகுடலில் செரிக்காத ஒருவகைச் சோள மாவுச்சத்தைச் சேர்த்துக் கொடுத்தார்கள். பேதியின் அளவு குறைந்தது, சீக்கிரம் நின்றது. சிறுகுடலைத் தாண்டிய மாவைப் பெருங்குடலின் நுண்ணுயிர்கள் நொதிக்கச் செய்து, குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. அந்த அமிலங்களைப் பெருங்குடல் உறிஞ்சும்போது உப்பும் நீரும் உடன் உள்ளே போகின்றன. சிறுகுடல் குறைந்தவருக்கும் இது பொருந்தும். பெருங்குடல் மிஞ்சியிருந்தால், வீணாகப் போகவேண்டிய மாவுச்சத்திலிருந்து உடலுக்கு ஆற்றல் திரும்பக் கிடைக்கும். பிரான்சில் சிறுகுடல் குறைந்த நோயாளிகளின் பெருங்குடலைப் பரிசோதித்தபோது, அதன் குழிகள் நலமானவர்களுடையதைவிட மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஆழமாகியிருந்தன. எலிகளில் கண்ட அளவு உறிஞ்சி வளர்ச்சி மனிதர்களின் சிறுகுடலில் எல்லோரிடமும் தெரிவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மனிதர்களில் பெருங்குடலின் உதவி, குடல் நகர்வின் வேகம் குறைவது, உணவை நிறையச் சாப்பிடுவது எல்லாம் சேர்ந்துதான் மீட்சி.

எவ்வளவு காலம் ஆகும்? முதல் மூன்று, நான்கு வாரம் கடினமானது. பேதியாக நீரும் உப்பும் கொட்டும். இரைப்பையில் அமிலம் கூடுதலாகச் சுரக்கும். அதன்பின் ஓராண்டு முதல் ஈராண்டு வரை வளர்ச்சி தொடரும். சிறுகுடல் 100 சென்டிமீட்டருக்கும் குறைவாகி, பெருங்குடலும் தொடர்பில் இல்லாதவர்களுக்குச் சிரை வழி உணவை நிறுத்துவது கடினம். பெருங்குடல் தொடர்பில் இருந்தால் 60 சென்டிமீட்டர் அளவிலும் பலர் தேறுகிறார்கள். குழந்தைகளுக்கு இன்னும் நம்பிக்கை அதிகம். கருவின் கடைசி மூன்று மாதத்தில் சிறுகுடலின் நீளம் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. பிறந்த பிறகும் வளர்கிறது. ஆகவே குறைமாதக் குழந்தையிடம் மிஞ்சிய சிறு துண்டுக்குள் பெரிய வளர்ச்சி காத்திருக்கிறது. தாய்ப்பாலில் குடலை வளர்க்கும் காரணிகள் உண்டு. 2014-ல் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் தாய்ப்பால் வங்கிகள் தொடங்கப்பட்டது இந்தக் குழந்தைகளுக்கும் பெரிய துணை.

அடுத்து சமையலறை. நம் வீடுகளில் அறுவை முடிந்து வந்தவருக்கு அன்போடு முதலில் கொடுப்பது இளநீர், பழச்சாறு, குளுக்கோஸ் தண்ணீர். குடல் மிகவும் குறைந்து, ஜெஜுனத்தின் முனை வயிற்றுக்கு வெளியே பையில் திறந்திருப்பவருக்கு இவை நல்லதல்ல. ஜெஜுனத்தின் சுவர் கசியும் தன்மை உள்ளது. உப்புக் குறைந்த நீர் உள்ளே போனால், உடலின் உப்பு குடலுக்குள் இறங்கி நீரோடு வெளியேறும். குடிக்கக் குடிக்கத் தாகம் கூடும். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. அவருக்குத் தேவை சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்த கரைசல். குடல் செல்லில் குளுக்கோஸும் சோடியமும் ஒரே வாயில் வழியே சேர்ந்துதான் நுழையும். உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றைய கரைசலில் லிட்டருக்கு 75 மில்லிமோல் சோடியம் இருக்கிறது. இவர்களில் பலருக்கு 90-க்கு மேல் வேண்டும். எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்வார். சிறுகச் சிறுகப் பருக வேண்டும்.

பெருங்குடல் மிஞ்சியிருப்பவருக்கு நம் சோறு தோழன். சாதம், இட்லி, உருளைக்கிழங்கு ஆகியவற்றின் மாவுச்சத்தில் செரிக்காதது கீழே போய் நொதித்து உதவும். ஆற வைத்த சோற்றில் செரிக்காத மாவின் பங்கு சற்றுக் கூடும். குடல் அழற்சி நோயாளிகளுக்குப் பழைய சோறு உதவுமா என்று சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் குடல் அறுவைத் துறை ஆராய்ச்சியில் இறங்கியது இந்தப் பின்னணியில் கவனிக்கத்தக்கது. ஒரே ஓர் எச்சரிக்கை. கொழுப்பு உறிஞ்சப்படாதபோது அது சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும். பிடிபடாத ஆக்சலேட் பெருங்குடல் வழியே ரத்தத்தில் ஏறிச் சிறுநீரகத்தில் கல்லாகும். பசலைக்கீரை, பீட்ரூட், பாதாம், கடுந்தேநீர் ஆகியவற்றைக் குறைத்துக்கொள்ள வேண்டும். மூன்று வேளைப் பெருஞ்சாப்பாட்டை ஆறு சிறு வேளைகளாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். குடலின் செல்களுக்கு இடைவிடாத சிறு வேலை நல்லது.

மேலைநாடுகளில் குடல் குறைந்தவர்கள் வீட்டிலேயே இரவெல்லாம் சிரை வழி உணவு ஏற்றிக்கொண்டு பகலில் வேலைக்குப் போகிறார்கள். இங்கே அதற்கு நாள்தோறும் ஆயிரக்கணக்கில் ஆகும். சிரைக் குழாயில் கிருமி ஏறாமல் காக்கும் ஏற்பாடும் வீட்டில் வேண்டும். நடுத்தரக் குடும்பமே திணறும். குடல் மாற்று அறுவைச் சிகிச்சை சென்னையிலேயே நடக்கிறது. 2008-ல் தொடங்கிய மாநில உறுப்புக் கொடைத் திட்டம் அதற்கு வழி செய்தது. குரோம்பேட்டையில் ஒரு சிறு குழந்தைக்குத் தந்தையின் சிறுகுடலிலிருந்து ஒரு பகுதியை எடுத்துப் பொருத்தியும் இருக்கிறார்கள். போற்ற வேண்டிய சாதனைகள். ஆனாலும் குடல் மாற்று எல்லோருக்கும் எட்டக்கூடியதல்ல. பொருத்திய குடலை உடல் நிராகரிக்காமல் காப்பது வாழ்நாள் போராட்டம். ஆகவே நம் ஊரில், நம் வருமானத்தில், பெரும்பாலோருக்கு உள்ள முதல் வழி, மிஞ்சிய குடலைப் பொறுமையாக வளர்த்தெடுப்பதுதான்.

அதைச் செய்வதற்கு ஒரு தகவல் தேவை. வீட்டுக்கு அனுப்பும்போது தரும் டிஸ்சார்ஜ் சம்மரியில் பெரும்பாலும் எவ்வளவு குடல் எடுக்கப்பட்டது என்றுதான் எழுதியிருக்கும். ஆளுக்கு ஆள் குடலின் நீளம் 3 மீட்டரிலிருந்து 8 மீட்டர் வரை மாறும்போது, எடுத்ததை மட்டும் சொன்னால் மிஞ்சியது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. ஐந்து ஆண்டு கழித்து நோயாளி அடையாறில் வேறொரு மருத்துவரிடம் போய் நின்றால், அவர் இருட்டில் தடவ வேண்டியிருக்கும். இப்படித் தகவல் இல்லாமல் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பி12 ஊசி வேண்டுமா, எந்தத் தண்ணீர் குடிக்க வேண்டும், சோறு உதவுமா, எத்தனை நாள் காத்திருக்கலாம் என்ற எல்லாக் கேள்விக்கும் விடை அந்தத் தகவலில்தான் இருக்கிறது.

எனவே அறுவை மருத்துவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வயிற்றை மூடுவதற்கு முன் மிஞ்சிய சிறுகுடலை அளந்துவிடுங்கள். மூன்று வரி எழுதுங்கள். மிஞ்சிய சிறுகுடல் எத்தனை சென்டிமீட்டர்? இலியத்தின் கடைசிப் பகுதி இருக்கிறதா? பெருங்குடல் எவ்வளவு இருக்கிறது, அது தொடர்பில் இருக்கிறதா? அவையில் இருக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ யாருக்காவது குடல் அறுவை நடந்தால், அந்த மூன்று வரியையும் கேட்டு வாங்கி, மற்ற ஆவணங்களோடு பத்திரப்படுத்துங்கள். பேதி போகிறதே என்று பயந்து சாப்பாட்டை நிறுத்திவிடாதீர்கள். எதை, எப்படிக் கொடுப்பது என்று மருத்துவரிடமும் உணவியலாளரிடமும் கேட்டுக் கொடுத்துக்கொண்டே இருங்கள். இரண்டு ஆண்டு பொறுத்திருங்கள். அந்த இரண்டு ஆண்டில் மூன்று முதல் ஐந்து நாளுக்கு ஒருமுறை அந்தக் குடல் தன் உறையைப் புதிதாக நெய்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு முறையும் சற்றே மேலான ஒன்றாக அதை நெய்யவைப்பது நாம் ஊட்டும் கவளங்கள்தான்.